பஸ்ராவின் வெள்ளிக்கிழமை உரை: இப்னு பதூதாவின் ஒரு பகுதியும் அதன் தமிழாக்கச் சிக்கல்களும்

கோலார் தங்கவயலில், இராபர்ட்சன்பேட்டையிலோ மாரிக்குப்பத்திலோ, முஸ்லிம்கள் கூடித் தொழும் கட்டடம் ஒன்றைச் சுட்ட விரும்புவோர் முன் ஐந்து சொற்கள் நிற்கின்றன. உருது பேசுவோர் மஸ்ஜித் என்பர். கன்னடத்தார் மசீதி என்பர், தெலுங்கர் மசீது என்பர். தமிழர்க்கு மசூதி, பள்ளிவாசல் என இரண்டு உண்டு. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் பொறுப்பில் சுரங்கங்கள் பெருகியபோது வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையான தமிழ்த் தொழிலாளர் அங்குக் குடியேறினர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் அவர்தம் வழியினர் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். வட மாவட்டத் தமிழும் உருதுவும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் உரசும் அவ்வூரில், மேற்குறித்த ஐந்து சொற்களுள் எதனைத் தேர்ந்தாலும் பேசுவோரின் தாய்மொழியும் பழக்கமும் ஓரளவு வெளிப்பட்டுவிடும். மொழிபெயர்ப்பாளர்க்கு இது சிறிய செய்தி அன்று. பதினான்காம் நூற்றாண்டின் முஸ்லிம் பயணி ஒருவர் வெளியூர்ப் பள்ளி ஒன்றில் கண்டதைத் தமிழில் தர முற்படுவோர் எடுத்த எடுப்பிலேயே இத்தேர்வுக்கு உள்ளாகின்றனர்.

அப்பயணி இப்னு பதூதா. 1304இல் மொராக்கோவின் தஞ்சா நகரில் பிறந்து, 1325இல் ஊரைவிட்டுப் புறப்பட்டு, ஏறத்தாழ முப்பதாண்டுகள் அலைந்து திரும்பியவர். பாஸ் நகரில் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் என்னும் எழுத்தறிஞர் வடிவப்படுத்திய பயணநூல் 1355இன் இறுதியில் நிறைவெய்தியது. அரபு மூலத்தைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் தெப்ரெமெரி, சாங்கினெத்தி என்னும் இருவர் பாரிசில் 1853 முதல் 1858 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டனர். கிப் செய்த ஆங்கிலச் சுருக்கம் 1929இல் வந்தது. அதன் பின்னர் முழு மொழிபெயர்ப்பு 1958இல் தொடங்கிப் பல பதிற்றாண்டுகள் நீண்டது. தமிழ் வாசகர் இந்நூலைப் பெரிதும் ஆங்கிலத்தின் வழியாகவே அறிவர். மாபார் நாட்டுச் சுல்தானின் மதுரை, மலையாளக் கரைத் துறைமுகங்கள், மாலத்தீவு, இலங்கை ஆகியவை பற்றிய பகுதிகளே வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகின்றன. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய பகுதியோ இவற்றிற்கெல்லாம் முன்னர், ஏறத்தாழ 1327இல், இன்றைய ஈராக்கின் பஸ்ரா நகரில் நிகழ்வதாக வருகிறது. அதனைப் பொருட்படுத்தியோர் குறைவு.

நிகழ்ச்சி சுருக்கமானது. பஸ்ராவில் அலீயின் பெயரால் வழங்கிய பெரும்பள்ளி ஒரு காலத்தில் நகரின் நடுவே இருந்தது. நகரம் சுருங்கிவிட்டபடியால் இப்னு பதூதா சென்ற போது அது இரண்டு மைல் வெளியே தனித்து நின்றது. மக்கள் வெள்ளிதோறும் சென்று தொழுவர். பின்னர் அடுத்த வெள்ளி வரை அதனைப் பூட்டிவைப்பர். ஒரு வெள்ளியன்று அங்கே தொழச் சென்ற பயணி, உரைமேடை ஏறிய கத்தீபு தம் உரையில் வெளிப்படையான மொழிப்பிழைகள் பலவற்றைச் செய்வதைக் கேட்டுத் திகைக்கிறார். ஹுஜ்ஜத்துத்தீன் என்னும் காஜியிடம் இதனைச் சொல்கிறார். இலக்கணம் அறிந்தவர் ஒருவரேனும் இவ்வூரில் எஞ்சவில்லை என்பது காஜியின் விடை. இதன்மேல் நூல் சற்றே குரலை உயர்த்துகிறது. இலக்கணத்தின் தலைமை எந்நகரத்தாரிடம் முடிவெய்தியதோ, அதன் முதலும் கிளையும் எங்குத் தோன்றினவோ, அந்நகரின் கத்தீபு வெள்ளி உரையைச் செவ்விதின் நிறுத்த இயலாதவராக இருக்கிறார் என்னும் இரங்கற்குறிப்புடன் அப்பகுதி முடிகிறது.

இந்த இரங்கலின் முழு எடையை அறியப் பஸ்ராவின் பெயர் அரபு இலக்கண வரலாற்றில் எதனைக் குறிக்கிறது என்பது தெரிந்திருத்தல் வேண்டும். இலக்கணத்தைத் தொடங்கிவைத்தவராக மரபு போற்றும் அபுல் அஸ்வத் அத்துஅலீ அவ்வூரினர். யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அரபு அகராதிக்கலையின் முன்னோடியுமான கலீல் அங்கே பாடம் சொன்னார். அவர் மாணவர் ஸீபவைஹி எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் விட்டுச்சென்ற பெருநூல் தனிப்பெயர்கூடப் பெறாமல் 'நூல்' என்ற பொதுப்பெயராலேயே வழங்குகிறது. தமிழில் தொல்காப்பியத்துக்கு உள்ள இடம் அரபில் அதற்கு உண்டு. கூபா நகரத்தாரோடு பஸ்ரா நகரத்தார் நடத்திய இலக்கண வழக்குகள் பிற்காலத்தில் தனி நூல்களாகத் தொகுக்கப்பட்டன. ஆகவே பஸ்ராவின் உரைமேடையில் இலக்கணம் வழுவுவது மற்றோர் ஊரின் உரைமேடையில் வழுவுவதைப் போன்றதன்று. மதுரையில் நின்று ஒருவர் திணையும் பாலும் மயங்கப் பேசுவது போன்றது.

முதற்சிக்கல் பிழையைக் குறிக்கும் சொல்லிலேயே தோன்றுகிறது. மூலம் அதனை 'லஹ்ன்' என்கிறது. ஆங்கிலம் இலக்கணப்பிழை என்று பெயர்த்துச் செல்கிறது. அரபில் இச்சொல்லுக்கு மெட்டு என்றும், குறிப்பாகப் பேசுதல் என்றும், சொல்லின் இறுதி உயிரைப் பிறழ ஒலித்தல் என்றும் பல பொருள் உண்டு. இங்கு மூன்றாவது பொருளே உரியது. செவ்வியல் அரபில் பெயரின் வேற்றுமையை இறுதிக் குற்றுயிர் காட்டும். அக்குற்றுயிர்கள் பொதுவாக எழுத்தில் வருவதில்லை. படிப்பவர் அறிந்து ஒலிக்க வேண்டும். பேச்சரபு இவ்வுருபுகளை இப்னு பதூதாவின் காலத்துக்கு மிக முன்பே இழந்துவிட்டது. அதனால் தாய்மொழி அரபாயினும் கத்தீபு அவற்றைக் கற்றே அறிதல் வேண்டும். இரட்டை வழக்கு என்னும் கருத்தை 1959இல் பெர்குசன் விளக்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மொழிகளுள் அரபும் ஒன்று என்பதை இங்கு நினைவுகூரலாம். மேடைத்தமிழுக்கும் வீட்டுத்தமிழுக்கும் இடையே வாழும் தமிழர்க்கு இந்நிலையை விளக்க நீண்ட அடிக்குறிப்பு வேண்டுவதில்லை.

மூலத்தில் லஹ்ன் என்னும் சொல்லுக்கு அடையாக வரும் 'ஜலீ' என்பதும் கருதத்தக்கது. வெளிப்படையானது என்பது அதன் நேர்ப்பொருள். ஓதற்கலையில் யாவர்க்கும் புலப்படும் பிழை, வல்லார்க்கே புலப்படும் பிழை எனப் பிழையை இரண்டாகப் பகுக்கும் மரபு உண்டு. முன்னதற்கு இதே அடைமொழியே பெயர். பயணி இதனைக் கலைச்சொல்லாகவே ஆண்டார் என்று உறுதிகூற இயலாது. எனினும் அக்கல்வியில் வளர்ந்தவரின் வாயில் அச்சொல் வெறும் மிகைச்சொல்லாக வந்திருக்க வாய்ப்பில்லை. 'பெரும்பிழை', 'மோசமான பிழை' என்னும் தமிழாக்கங்கள் பிழையின் அளவைச் சொல்கின்றன. அது கேட்போர் அனைவர்க்கும் புலப்பட்டிருக்க வேண்டியது என்ற கூற்றை அவை விட்டுவிடுகின்றன. கூட்டத்தில் வேறு எவரும் திகைத்ததாக நூல் சொல்லவில்லை. நிகழ்ச்சியின் கூர்மை இதில்தான் உள்ளது. வெளிப்படையான பிழை ஒன்று ஒரே ஒருவருக்கு மட்டும் வெளிப்பட்டிருக்கிறது.

தமிழில் இதற்கு 'வழு' என்னும் சொல் உடனே நினைவுக்கு வரும். அது பொருத்தமானதே, ஆயினும் முழுப் பொருத்தம் அன்று. தொல்காப்பியக் கிளவியாக்கமும் அதன்வழி நன்னூலும் வழுவைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகையாகக் கொண்டன. வேற்றுமையுருபு ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதைத் தொல்காப்பியம் வேறிடத்தில் வைத்து 'மயக்கம்' என்று அழைத்து, பொருள் சிதையாவிடத்து அதற்கு இடமும் அளித்தது. அரபு இலக்கணியர் கடும்பிழை என்று கருதிய வகையே தமிழிலக்கணத்தில் மென்மையான பெயர் பெற்றுள்ளது. 'வழு' என்று பெயர்த்தால் கடுமை காக்கப்படும். பிழையின் வகை மாறும். 'உருபு மயக்கம்' என்றால் வகை காக்கப்படும், கடுமை போய்விடும். இரண்டுள் ஒன்றை இழந்தே ஆகவேண்டும் என்னும்போது கடுமையைக் காப்பதே இப்பகுதிக்கு ஏற்றது. 'சொற்குற்றம்' என்னும் மூன்றாவது வழியும் உண்டு. அது நக்கீரர் கதையைத் தன்னொடு இழுத்துவரும் என்பதால் அதனைத் தவிர்ப்பது நலம். திருவிளையாடற்கதையில் குற்றம் பொருள் பற்றியது. கண்டவர் தண்டம் பெற்றார். பஸ்ராவில் குற்றம் ஓர் உயிரெழுத்து பற்றியது. கண்டவரோடு காஜியே உடன்பட்டார்.

ஓர் உயிரெழுத்துக்காகவா இத்தனை திகைப்பு என்று தமிழ் வாசகர் கேட்கக்கூடும். அதற்கு விடையாக அரபு மரபே இரண்டு கதைகளை வைத்திருக்கிறது. முதலாவது அபுல் அஸ்வதின் மகளைப் பற்றியது. இரவில் வானத்தைக் கண்டு வியந்த அப்பெண் ஒரு சொல்லின் இறுதி உயிரை மாற்றி ஒலித்தாள். வியப்பு வினாவாகிவிட்டது. தந்தை வினாவுக்கு விடையாக 'விண்மீன்கள்' என்றார். 'நான் கேட்கவில்லை, வியந்தேன்' என்றாள் மகள். இக்கதையை மொழிபெயர்ப்போர் அரபுச் சொற்களை எழுத்துப்பெயர்த்து விளக்கம் கூறுவது வழக்கம். தமிழில் அது தேவையில்லை. 'வானத்தில் என்ன அழகு' என்னும் தொடர் வினாவாகவும் வியப்பாகவும் நிற்கவல்லது. தமிழர் அதனை ஓசையால் பிரித்தறிவர். அரபு இறுதி உயிரால் செய்வதைத் தமிழ் குரலின் ஏற்ற இறக்கத்தால் செய்கிறது. மொழிபெயர்ப்பில் கிட்டும் அரிய ஆதாயங்களுள் இது ஒன்று. இரண்டாவது கதை கடுமையானது. திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்து மூன்றாம் வசனத்தில் தூதரைக் குறிக்கும் சொல்லின் ஈற்றயல் உயிரை ஒருவர் பிறழ ஓதக் கேட்டதே இலக்கணம் வகுக்கத் தூண்டுகோலாயிற்று என்பர். அவ்வுயிர் மாறினால் இறைவன் தன் தூதரையே கைவிட்டான் என்ற பொருள் வந்துவிடும். இவை வரலாறோ புனைவோ ஆகலாம். ஆனால் பள்ளியின் உரைமேடையில் நிகழும் லஹ்ன் எதனை நினைவூட்டும் என்பதைக் காட்ட இவையே போதும்.

அடுத்த சிக்கல் இன்னும் எளிதில் ஏமாற்றுவது. பஸ்ராவின் மக்களுள் ஒருவராகிய, முதன்மை மறுக்கப்படாத ஒருவரை மூலம் 'இமாம்' என்று குறிக்கிறது. சூழலோ பள்ளி, நாளோ வெள்ளி. அச்சொல்லை அவ்வாறே தமிழில் எழுதினால் தொழுகையை முன்நின்று நடத்துபவர் என்றே வாசகர் கொள்வர். இங்குக் குறிக்கப்பெறுபவர் இலக்கணத்தின் தலைவர். பெயர் சுட்டப்படாவிடினும் ஸீபவைஹியே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆங்கிலம் தலைவர் என்ற பொதுச்சொல்லால் இக்குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டது. ஆனால் ஒரே சொல் தொழுகைக்கும் இலக்கணத்துக்கும் வழங்கிய நயம் அதில் அழிந்தது. தமிழில் 'முன்னவர்' என்னும் சொல் இரண்டிடத்தும் ஓரளவு செல்லும். இதனைப் போன்றதே 'முதலும் கிளையும்' என மேலே தரப்பட்ட தொடர். அரபில் அவ்விணை மரத்தின் உருவகம். கூடவே இலக்கணத்திலும் சட்டவியலிலும் மூலவிதியையும் அதினின்று கிளைத்ததையும் குறிக்கும் கலைச்சொல். ஆங்கிலத்தில் மரம் எஞ்சியது, கலைச்சொல் மறைந்தது. முதனூல், வழிநூல் என்னும் பாகுபாட்டைப் பழகிய தமிழில் 'முதல்' என்பது இரண்டையும் தாங்கும்.

உரையை 'நிறுத்துதல்' என்னும் வினை வேறு வகையான கவனத்தை வேண்டுகிறது. தொழுகையை நிலைநிறுத்துதல் என்று சொல்லவும் அரபு இதே வினையை ஆளும். கத்தீபு உரையை நிமிர்த்தி நிறுத்த மாட்டாதவராயினார் என்பதில் சமயக் கடமையும் இலக்கண ஒழுங்கும் ஒரு சொல்லில் சேர்ந்து நிற்கின்றன. அவ்வினையோடு, கத்தீபு அப்பணியில் இடைவிடாது உழைத்துவந்தவர் என்னும் குறிப்பும் மூலத்தில் உண்டு. தமிழாக்கத்தில் இக்குறிப்பு விடுபட்டால் கத்தீபு வெறும் அறிவிலியாகத் தோன்றுவார். மூலத்தில் அவர் வாரந்தோறும் முயன்றும் இயலாதவர். கற்பிப்பார் இல்லாத ஊரில் முயற்சி எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி அவர் பக்கம் நிற்கிறது. ஸீபவைஹியைப் பற்றிய கதையொன்று இங்கு ஒப்பிடத்தக்கது. பாரசீகத்திலிருந்து நபிமொழி கற்கப் பஸ்ராவுக்கு வந்த அவர் ஒரு சொல்லின் வேற்றுமையைத் தவறாகக் கூற, ஆசிரியர் ஹம்மாது கூட்டத்தில் திருத்தினாராம். இனி எவரும் தம்மிடம் பிழை காணாத கல்வியைக் கற்பேன் என்று அவர் இலக்கணத்துக்குத் திரும்பினாராம். ஒரு லஹ்ன் அங்கே பெருநூல் ஒன்றற்கு வித்தாயிற்று. 1327இல் அதே ஊரில் திருத்தும் ஆசிரியர் இல்லை. வழிப்போக்கர் ஒருவரே திருத்த வேண்டியிருந்தது.

அவ்வழிப்போக்கர் யார் என்பதையும் திறனாய்வு மறத்தல் ஆகாது. லவாத்தா என்னும் பெர்பர் குலப்பெயர் தாங்கியவர். அரபுலகின் மேற்குக் கோடியிலிருந்து வந்தவர். அப்போது இருபத்துமூன்று வயதினர். பஸ்ராவின் புகழை உருவாக்கிய ஸீபவைஹியின் தாய்மொழியோ பாரசீகம். இலக்கணத்தை எழுதியவரும், அதன் வீழ்ச்சியைக் கேட்டறிந்தவரும் வெளியிலிருந்து வந்தவர்களே. கற்று அறிந்த செவிக்கே வழு கேட்கும் என்னும் உண்மை இதில் உண்டு. இளம் சட்டமாணவர் ஒருவரின் செருக்கும் உண்டு. பின்னாளில் இதே மனிதர் தில்லியில் நீதிபதியாக அமர்த்தப்பட்டபோது, அந்நாட்டு மொழி தமக்குத் தெரியாது என்று சுல்தான் முகம்மது பின் துக்ளக்கிடம் முறையிட நேர்ந்தது. சுல்தான் இரண்டு துணையாளரைத் தந்து அதனைத் தீர்த்தார். பஸ்ராவில் ஓர் உயிரெழுத்துக்குத் திகைத்தவர் தில்லியில் வழக்காடுவோரின் மொழியே அறியாமல் பதவி ஏற்றார். இவ்விரண்டையும் ஒரே நூலில் மறையாது வைத்தது அதன் நேர்மைக்குச் சான்று எனலாம்.

இந்நூலின் நம்பகத்தன்மை பற்றிய ஐயங்கள் பழையவை. திமிஷ்கின் பெரும்பள்ளியைப் பற்றிய வருணனையில் பெரும்பகுதி, பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஜுபைரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பது ஆய்வாளர் ஒப்பியது. பஸ்ராப் பகுதி அவ்வாறு கடன்பெற்றதாகத் தோன்றவில்லை. காஜியின் பெயர் தரப்படுகிறது. உரையாடல் சுருக்கமாகவும் பிறரை உயர்த்தாமலும் உள்ளது. இறுதி இரங்கலின் எதுகை நடை மட்டும் இப்னு ஜுஸயின் கைவண்ணமாக இருத்தல் கூடும். தமிழாக்குவோர் நிகழ்ச்சியை எளிய உரைநடையிலும் இரங்கலைச் சற்றே ஓசையுள்ள நடையிலும் தருவரேல் இரண்டு கைகளும் வாசகர்க்குத் தெரியும்.

இனி, தொடக்கத்தில் விட்ட சொல்லுக்குத் திரும்பலாம். வெள்ளி உரை நிகழும் பெரும்பள்ளியை அரபு 'ஜாமிஉ' என்று பிரித்துச் சொல்லும். காயல்பட்டினம் போன்ற கடற்கரையூர்களில் 'குத்பாப் பள்ளி' என்பது அதற்கு நேரான வழக்கு. உரையைப் பற்றிய கதைக்கு உரையின் பெயராலேயே அமைந்த சொல் கிடைப்பது மொழிபெயர்ப்பாளரின் நற்பேறு. அன்றியும் 'பள்ளி' தமிழில் நெடிய வாழ்வுடையது. சமணத் துறவியர் உறைவிடமாக இருந்து, கல்விக்கூடமாகி, முஸ்லிம்களின் தொழுகையிடமாகவும் மலையாளத்தில் கிறித்தவர் கோயிலாகவும் விரிந்த சொல் அது. மலையாளக் கரையில் ஹீலித் துறையிலிருந்த பெரும்பள்ளியை இப்னு பதூதா வருணிக்குமிடத்தில் அதன் கருவூலத்திலிருந்து மாணவர் உதவித்தொகை பெற்றதையும், வழிப்போக்கர்க்கும் ஏழையர்க்கும் உணவு சமைக்கும் அடுக்களை இருந்ததையும் சொல்கிறார். அங்கே சோமாலியாவின் மக்தஷூவிலிருந்து வந்த சட்ட அறிஞரையும் காண்கிறார். அதனைப் 'பள்ளி' என்றால் தொழுகையும் கல்வியும் ஒருங்கே அடங்கும். பஸ்ராவுக்கும் அச்சொல்லையே வைத்தால், ஒரு பொருளில் நின்று மற்றொரு பொருளில் ஒழிந்த பள்ளியைத் தமிழ் தானே சொல்லிவிடும். மசூதி என்னும் சொல்லில் இவ்வாய்ப்பு இல்லை.

ஆயின் காயல்பட்டினத்து வாசகர்க்கு நன்கு பொருந்துவது இராபர்ட்சன்பேட்டை வாசகரை மயக்கும். வட மாவட்டங்களிலும் தங்கவயலிலும் உருதுவின் அண்மையால் மசூதி என்பதே காதுக்குப் பழகியது. 'பள்ளி' என்று தனியே சொன்னால் பிள்ளைகள் படிக்கும் இடமே நினைவுக்கு வரும். ஹீலியின் பள்ளியில் மாணவர் இருந்தனர் என்னும் தொடரில் அவ்வாசகர் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எல்லார்க்கும் பொதுவான ஒரு தமிழ் இருப்பதாக எண்ணி மசூதி என்று எழுதிச் செல்வது எளிது. முதலிடத்தில் 'குத்பாப் பள்ளிவாசல்' என்று முழுமையாகக் கூறிப் பின்னர்ப் 'பள்ளி' என்று சுருக்குவது சற்றே கடினம். எனினும் மூலத்துக்கு அருகில் நிற்பது அதுவே. 'கத்தீபு' என்பதற்குச் சொற்பொழிவாளர் என்று எழுதுவதும் இவ்வாறே தவிர்க்கத்தக்கது. காஜியை நீதிபதி என்பதா அவ்வாறே விடுவதா என்பது இடம்நோக்கி முடிவுசெய்யத்தக்கது; இன்று அச்சொல் பெரும்பாலும் திருமணப் பதிவோடு மட்டும் தொடர்புடையதாய்ச் சுருங்கியிருப்பதால் முதலிடத்திலேனும் சிறு விளக்கம் வேண்டும்.

கத்தீபின் செய்திக்குப் பின் நூல் நேரே அப்பள்ளியின் மினாரா ஒன்றுக்குச் செல்கிறது. அலீயின் பெயரைச் சொன்னால் அது அசையும் என்பது ஊரார் நம்பிக்கை. பயணி சிலரோடு மேலேறுகிறார். மூலையில் அறையப்பட்டிருந்த மரக்கைப்பிடி ஒன்றைப் பற்றி ஒருவர் அலீயின் பெயர் கூறி அசைக்க, மினாரா அசைகிறது. பயணி அதே கைப்பிடியைப் பற்றி அபூபக்ரின் பெயரைக் கூறுகிறார்; அப்போதும் அசைகிறது. உடனிருந்தோர் வியக்கின்றனர். கீழே உரைமேடையில் ஓர் உயிரொலியின் பிறழ்ச்சியைப் பொறுக்காத செவி, மேலே பெயர் முழுவதையும் மாற்றிப் பார்க்கிறது. மொழிபெயர்ப்பாளர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வைப்பது நன்று. சுருக்கப்பதிப்பு செய்வோர் இரண்டாவதைச் சுவைக்காகத் தனியே பிரித்தெடுத்தால், முதலாவதன் கத்தீபு மீண்டும் துணையின்றி நிற்பார்.